தொட்டிக்கு வெளியிலை ஊத்தின தண்ணி

என்னோடை முந்தி வேலை செய்த மாலினி இப்ப வேறை ஒரு ஹோட்டலிலை ஹவுஸ்கீப்பிங்குக்குப் பெரியாள். போன மாசம் போன் எடுத்து, "பத்மாக்கா, புதுசா வந்த பிள்ளையளோடை ஒரு அரை மணித்தியாலம் வந்து கதையுங்கோவன்" எண்டு கேட்டவள். வேலையை விட்டுப்போட்டு வீட்டிலை ரீவி பாத்துக்கொண்டிருக்கிற எனக்கு வேறை என்ன அலுவல், ஓம் எண்டிட்டன். போனால் ஒரு பெடியன் சுவரிலை படம் போட்டுப் படிப்பிச்சுக்கொண்டு நிக்கிறான். ஒரு பக்கம் யப்பான்காரர், மற்றப் பக்கம் அமெரிக்கர். யப்பான்காரர் அமைதி, ஒழுங்கு, மரியாதை. தலையைக் குனிஞ்சு வரவேற்கவேணும். அமெரிக்கர் சத்தம், வெளிப்படை. பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிக்கவேணும். அவ்வளவுதான் பாடம். பிள்ளையளும் அதைப் போனிலை படம் எடுத்து வைக்குதுகள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "தம்பி, உந்த மரியாதைக்காரர் வாய் திறக்காததாலை ஒரு பிள்ளையின்ரை வேலை போகப் பாத்தது. உந்தச் சத்தக்காரன்தான் உண்மையைச் சொன்னவன். அது உம்மடை படத்திலை எங்கை கிடக்கு?" எண்டு கேட்டன். அவன் "நல்ல கேள்வி அன்ரி" எண்டு சிரிச்சுப்போட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டான். அவனுக்கு நேரமில்லையாம். எனக்கு நேரம் கிடக்கு, அதாலை எழுதுறன்.

நான் ஹோட்டலுக்குப் போன கதை சின்னன். கனடாவுக்கு வந்து முதலிலை ஸ்காபரோவிலை ஒரு தையல் பக்ரரி, பிறகு ஒரு பேக்கரி, பிறகு சினேகிதி ஒருத்தி சொல்லி டவுன்ரவுனிலை ஏரிக்கரைப் பக்கம் இருந்த ஒரு பெரிய ஹோட்டலிலை அறை துப்புரவாக்கிற வேலை. பழக்கினவ ஒரு போத்துக்கல்காரி, சரியான கண்டிப்பு. கதவைத் தட்டு, "ஹவுஸ்கீப்பிங்" எண்டு சொல்லு, பொறு, பிறகும் தட்டு. உள்ளை போனால் முதல் கட்டில், கடைசி பாத்றூம். கண்ணாடியை நேரை பாத்தால் ஊத்தை தெரியாது, பக்கத்திலை நிண்டு சரிஞ்சு பாக்கவேணும். வெளிக்கிடேக்கை குழாயைக் கண்ணாலை பாத்தால் காணாது, கையாலை தொட்டுப் பாக்கவேணும். நான் சுப்பவைசரா வந்தாப்பிறகு அந்தக் குழாய் விசயத்தை இன்னும் இறுக்கினனான். எனக்குக் கீழை வேலை செய்த பிள்ளையள் எல்லாரும் குழாயைத் தொட்டுப்போட்டுத்தான் கதவைச் சாத்துவினம். அதிலை ஒருத்தியும் பிழை விட்டதை நான் காணேல்லை.

அந்த வேலையிலை ஆக்களைப் படிக்கலாம். ஆக்கள் இல்லாத நேரத்திலை அவையின்ரை அறைக்குள்ளை போறவை நாங்கள்தானே. யப்பான்காரர் தங்கின அறைக்குள்ளை போனால் ஆக்கள் இருந்த அடையாளமே இருக்காது. பாவிச்ச துவாய் மடிச்சு ஒரு மூலையிலை, குப்பை பையிலை கட்டி. கட்டில் விரிப்பைக்கூட இழுத்து விட்டிருப்பினம். எலிவேற்றருக்குள்ளை நிண்டால் மூச்சுச் சத்தமும் கேளாது. ஒரு சாமானைக் குடுத்தால் ரண்டு கையாலையும் வாங்குவினம். எங்கடை பெட்டையள் உதைக் கண்டு உருகிப் போவினம். அமெரிக்கரின்ரை அறை எண்டால் பீட்ஸாப் பெட்டி கட்டிலுக்குக் கீழை, ஈரத் துவாய் கம்பளத்திலை. கொறிடோரிலை நிண்டு போனிலை கதைச்சால், ஆரின்ரை கலியாணம் குழம்பினது எண்டதுவரை எங்களுக்கும் தெரியும். ஆனால் தலையணை சரியில்லை எண்டால் அப்பவே கூப்பிட்டு முகத்துக்கு நேரை சொல்லுவினம். மாத்திக் குடுத்தால் அப்பவே தோளிலை தட்டுவினம். அடுத்த வருசம் வரேக்கை, "பத்மா, உன்ரை மகள் யூனிவேசிற்றி முடிச்சிட்டாளோ?" எண்டு கேப்பினம்.

ஒருக்கா மாரிக்கை ஒரு யப்பான் குடும்பம் ஹீற்றர் வேலை செய்யாத அறையிலை கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தவை. நிண்ட நாள் முழுக்க ஒரு சொல்லுச் சொல்லேல்லை. வெளிக்கிடேக்கை எனக்குக் குனிஞ்சு குனிஞ்சு நன்றி சொல்லிப்போட்டுப் போனவை. பிறகு அறை துப்புரவாக்கப் போன பிள்ளை குளிரிலை விறைச்சுப்போய் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மற்றவை எல்லாரும் "என்ன நல்ல சனம்" எண்டவை. எனக்குக் கோவம்தான் வந்தது. சொல்லியிருந்தால் கால் மணித்தியாலத்திலை திருத்திக் குடுத்திருப்பம். சொல்லாமல் குளிரிலை கிடந்து எங்களைக் கொடுமைக்காரர் ஆக்கிப்போட்டுப் போறது என்ன மரியாதை?

எங்கடை ஆக்களை மட்டும் விட்டுப்போட்டுக் கதைக்கக்கூடாது. நாங்கள் வீட்டுக்குள்ளை நன்றியும் சொல்லமாட்டம், மன்னிப்பும் கேக்கமாட்டம். என்ரை மகள் இஞ்சை பிறந்தவள், தேத்தண்ணி குடுத்தாலும் "தாங்க்யூ அம்மா" எண்டுவாள். எனக்குக் கூச்சமா இருக்கும், என்னை வேலைக்காரி ஆக்கிறாள் எண்டு. ஒருநாள் அவளோடை பிழைபட்டுக் கதைச்சுப்போட்டு, சொறி சொல்ல வாய் வராமல், அவளுக்குப் பிடிச்ச கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு வைச்சுக் குடுத்தனான். அவள் சாப்பிட்டுப்போட்டு, "Amma, just say it" எண்டாள். ஒவ்வொரு சனத்துக்கும் ஒவ்வொரு வழக்கம். அதிலை எனக்குக் கோவமில்லை. வழக்கத்துக்குப் பின்னாலை ஒளிச்சிருந்து மற்றவனை மாட்டி விடுறதிலைதான் கோவம்.

எங்கடை மனேச்சர் கிறெய்க். இஞ்சத்தை ஆள், ஒன்ராறியோவிலையே பிறந்து வளந்தவர். வளத்தி, சுத்தம், ஒருநாளும் குரல் உயத்தமாட்டார். எங்களை "ரீம்" எண்டுதான் கூப்பிடுவார். அறைக் கதவு எப்பவும் திறந்திருக்கும். எதைச் சொன்னாலும், "நீங்கள் சொல்லுறது எனக்குக் கேக்குது" எண்டு நெஞ்சிலை கையை வைப்பார். கேக்கும், ஆனால் ஒண்டும் நடவாது. சொறி எண்ட சொல்லு அவரின்ரை வாயிலை எந்த நேரமும் இருக்கும். கதவிலை முட்டினாலும் கதவுக்குச் சொறி சொல்லுற மனிசன். நாங்கள் பகிடி பண்ணுவம். பகிடி எண்டுதான் நானும் நினைச்சிருந்தன்.

நான் சொல்ல வந்த கதை நடந்த வருசம் புதுசா ரஞ்சி எண்ட பிள்ளை வந்து சேந்தவள். வன்னிப் பக்கம். புருசன் இல்லை, ஒரு மகனோடை எக்ளின்ரனுக்குக் கிட்ட ஒரு பேஸ்மென்ரிலை இருந்தவள். மகனுக்குத் தொய்வு, மூச்சு இழுக்கும், மாசம் மாசம் மருந்து. கைக்காசுக்கு அங்கை இஞ்சை வேலை செய்து களைச்சுத்தான் எங்களிட்டை வந்தவள். எங்கடை இடத்திலை முதல் மூண்டு மாசம் புரொபேசன், ஆளைச் சோதிச்சுப் பாக்கிற காலம். அது முடியுமட்டும் யூனியன் கை குடுக்காது. முடிஞ்சால்தான் மருந்துக் காசு கட்டுற பெனிபிட் வரும். அவளுக்கு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் கிடந்தது. சுறுக்கான பிள்ளை. கதை குறைவு. "அக்கா, பெனிபிட் வந்த அண்டைக்குப் பிள்ளையாருக்கு மோதகம் அவிச்சு றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கொண்டு போவன்" எண்டு சொல்லுவாள்.

இலை சிவக்கிற காலம். அந்த நேரம் யப்பானிலையிருந்து பஸ் பஸ்ஸா ஆக்கள் வருவினம், நயாகராவும் பாத்து, வடக்கை போய் இலையும் பாக்க. அந்தக் கூட்டத்திலை ஒகாவா எண்டு ஒருத்தர், ஐம்பது வயசிருக்கும், தன்ரை தாயைக் கூட்டிக்கொண்டு வந்தவர். தாய் முதுகு கூனின சின்ன மனிசி, எண்பதுக்குக் கிட்ட. முதன்முதலா வெளிநாட்டுக்கு வந்தவவாம். அவையின்ரை அறைக்கு நேர் கீழ் அறையிலை டேல் எண்ட அமெரிக்கன். மீன்பிடிச் சாமான் விக்கிற ஆள், கண்காட்சி ஒண்டுக்கு வந்தவர். தன்ரை சாமான்களைப் படம் போட்டு அச்சடிச்ச புத்தகங்களைப் பெட்டி பெட்டியா அறைக்குள்ளை அடுக்கி வைச்சிருந்தவர். ஒகாவாவின்ரை அறையை அண்டைக்குக் காலமை துப்புரவாக்கினது ரஞ்சி. நான்தான் பின்னாலை போய்ச் சரி பாத்தனான்.

பின்னேரம் வெளிச்சம் போகாத நேரம், இடுப்பிலை கிடந்த றேடியோவிலை என்னை லொபிக்கு வரச் சொல்லிச்சினம். போனால், டேல் காலிலை சப்பாத்தும் இல்லாமல் நிக்கிறார். றிசெப்சன் மேசையிலை ஒரு பெட்டி, தண்ணி வடிஞ்சு கொண்டிருக்குது. "என்ரை அறைக்குள்ளை மழை பெய்யுது" எண்டு கத்துறார். இடைக்கிடை வந்த தூசணத்தை நான் இஞ்சை எழுதேல்லை. வரிசையிலை நிண்ட ஆக்கள் எல்லாரும் முகத்தைச் சுளிச்சு விலத்துகினம். கிறெய்க் வந்து நெஞ்சிலை கையை வைச்சுச் சொறி சொல்லத் தொடங்கிவிட்டார்.

அந்த நேரம் எலிவேற்றர் திறந்து ஒகாவா வாறார். சட்டை நனைஞ்சிருந்தது, ஆனால் பொத்தான் எல்லாம் பூட்டிக் கோட்டும் போட்டிருந்தவர். றிசெப்சன் பிள்ளைக்கு ஒருக்காக் குனிஞ்சார். கிறெய்க்குக்கு இன்னும் ஆழமாக் குனிஞ்சார். டேலுக்கு அதையும்விட. "பெரிய கரைச்சல் குடுத்துப்போட்டம். மன்னிக்க ஏலாது" எண்டார். கிறெய்க் உடனை, "இல்லை இல்லை, மன்னிப்பு நாங்கள்தான் கேக்கவேணும்" எண்டார். அவர் பிறகும் குனிய, இவர் பிறகும் சொறி. ரண்டு பேரும் மாறி மாறி. தண்ணி எப்பிடி வந்தது எண்டு மட்டும் ரண்டு பேர் வாயிலையிருந்தும் வரேல்லை.

டேல் பாத்தார், பாத்தார், பொறுக்க ஏலாமல் மேசையிலை அடிச்சார். "நான் ஒகினாவாவிலை ஆமியிலை இருந்தவன். இவையின்ரை ஊரிலை தொட்டிக்கு வெளியிலை நிலத்திலை இருந்து, தண்ணி அள்ளி ஊத்தித் தேச்சுக் குளிச்சுப்போட்டுத்தான் தொட்டிக்குள்ளை இறங்குவினம். அங்கை நிலத்திலை தண்ணி ஓடுற ஓட்டை இருக்கு. உங்கடை அறையிலை இல்லை. அதுதான் என்ரை தலையிலை வடியுது. இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு கஷ்டமோ?" சொன்னது இவ்வளவுதான். ஆனால் யப்பான்காரரைப் பற்றி ரண்டு மூண்டு ஊத்தைச் சொல்லும் சேத்துத்தான் சொன்னவர். எனக்கே அவரைப் பிடிக்கேல்லை.

கிறெய்க்கின்ரை முகம் இறுகிப்போச்சு. "ஐயா, மற்ற விருந்தாளியளின்ரை கலாச்சாரத்தைப் பற்றி இஞ்சை இப்பிடிக் கதைக்க விடமாட்டம்" எண்டார். "கலாச்சாரமோ? நான் தண்ணியைப் பற்றிக் கதைக்கிறன்" எண்டு டேல் கத்தினார். கிறெய்க் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒகாவாவிட்டைத் திரும்பி, மெல்லமா, அன்பா, "எங்கடை துப்புரவுப் பிள்ளை காலமை குழாயைச் சரியாப் பூட்டாமல் விட்டிருப்பா. நாங்கள் பாத்துக்கொள்ளுறம். நீங்களும் அம்மாவும் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" எண்டார். ஒகாவாவின்ரை வாய் திறந்தது. நான் பாத்துக்கொண்டு நிண்டனான். திறந்தது, பிறகு மூடிச்சுது. காது ரண்டும் சிவந்துபோச்சு. நிலத்தைப் பாத்தார், இன்னொருக்காக் குனிஞ்சார், போயிட்டார்.

வந்த விருந்தாளிக்குத் தேத்தண்ணி குடுக்கிற மாதிரி கிறெய்க் ரஞ்சியைத் தூக்கிக் குடுத்தார். அவரும் மரியாதைக்காக வாங்கிக்கொண்டு போனார்.

நான் நேரை மேலை அவையின்ரை அறைக்குப் போனன். ஒகாவா கதவைத் திறந்து விலகி நிண்டார். பாத்றூம் நிலம் துடைச்சுக் காஞ்சு கிடந்தது. நனைஞ்ச துவாய் முழுக்கப் பிழிஞ்சு, சதுரமா மடிச்சு, ஒண்டுக்கு மேலை ஒண்டா. குப்பை வாளி கவிட்டு வைச்சிருந்தது, இருக்கிறதுக்கு. ஐஸ் வைக்கிற வாளிக்குள்ளை சவுக்கார நுரை. எனக்கு ஒரு விளக்கமும் தேவைப்படேல்லை. என்ரை மாமி ஊரிலையிருந்து வந்த புதிசிலை, தொட்டிக்குள்ளை ஏறி நிண்டு குளிக்கிறது அவவுக்குப் பிடியேல்லை. எங்கடை அப்பார்ட்மென்ற் பாத்றூம் நிலத்திலை இருந்து, வாளியிலை அள்ளி அள்ளித் தலையிலை ஊத்தினவ. கீழ்வீட்டுக்காரன் வந்து கதவிலை இடிச்சவன். அவவும் பாவம், குளிக்கத்தானே வந்தவ. அவைக்கும் எங்களுக்கும் உந்த விசயத்திலை ஒரே பழக்கம்.

கீழை வந்து கிறெய்க்கிட்டை சொன்னன். நான் அந்தக் குழாயைத் தொட்டுப் பாத்தது, அறையிலை கண்டது, என்ரை மாமியின்ரை கதை எல்லாம் சொன்னன். நெஞ்சிலை கையை வைச்சுக் கேட்டார். பிறகு, "பத்மா, எண்பது வயசு விருந்தாளியிட்டைப் போய், நீ எப்பிடிக் குளிச்சனி எண்டு என்னாலை கேக்க ஏலாது. அது மரியாதையில்லை" எண்டார். "அப்ப ரஞ்சிக்கு மரியாதை வேண்டாமோ?" எண்டு கேட்டன். "நான் ஒருத்தரையும் குற்றம் சொல்லேல்லை" எண்டார். அந்த ஆக்களைக் கூட்டிவாற யப்பான் சுற்றுலாக் கொம்பனி வருசம் வருசம் எத்தினை பஸ் அனுப்புது எண்டு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த நாள் காலமை, அறைக்குப் போக முந்தி நாங்கள் எல்லாரும் நிலக்கீழ் மாடியிலை வண்டிலோடை வரிசையா நிப்பம். கிறெய்க் வந்து அண்டைய வேலையைச் சொல்லுவார். சொல்லி முடிச்சுப்போட்டுச் சிரிச்ச முகத்தோடை, "குழாயை எல்லாரும் கவனிப்பம், என்ன? நேற்று நடந்தது எல்லாருக்கும் பாடம். ரஞ்சிக்குத் தெரியும் நான் என்ன சொல்லுறன் எண்டு" எண்டார். நாப்பது பேருக்கு மேலை திரும்பி அவளைப் பாத்தவை. ரஞ்சி சிரிச்சாள். எங்கடை ஆக்களுக்குச் சபையிலை பேச்சு விழுந்தால் அப்பிடி ஒரு சிரிப்பு வரும். முகத்தை எங்கை வைக்கிறது எண்டு தெரியாமல் வாறது அது. கிறெய்க் என்னட்டை வந்து, "நல்ல காலம், அவ அதைப் பெரிசா எடுக்கேல்லை" எண்டார். பிறகு அவளைத் தனியக் கூப்பிட்டு, புரொபேசனோடை நிப்பாட்டப் போறம், வெள்ளிக்கிழமை கடைசி நாள், வேறை இடத்துக்கு நல்ல மாதிரிச் சொல்லிவிடுவன் எண்டு சொல்லியிருக்கிறார். சொறியும் சொன்னவராம்.

ரஞ்சி லொண்டறிக்குள்ளை வந்து நிண்டாள். அழேல்லை. "அக்கா, வேலை போனால் இன்னொண்டு தேடுவன். கள்ளி மாதிரி எல்லாரும் பாத்தவையெல்லோ. நான் பூட்டினனான் அக்கா. தொட்டுப் பாத்தனான்." அவ்வளவுதான் சொன்னாள்.

யப்பான் கூட்டம் அண்டைக்கு மத்தியானத்துக்கு முந்தி வெளிக்கிடுற நாள். நான் புதுத் துவாயளை எடுத்துக்கொண்டு ஒகாவாவின்ரை அறைக்குப் போனன். தாய் கட்டில் ஓரத்திலை கையைக் கட்டிக்கொண்டு இருந்தவ. மகன் கதவடியிலை குனிஞ்சார். நானும் சுத்தி வளைக்கேல்லை. "ஐயா, நேற்று நீங்கள் வாய் திறக்காததாலை ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு வேலை போகுது. அவளுக்கு ஒரு வருத்தக்காரப் பெடியன் இருக்கு" எண்டன். அந்த மனிசன் வெளிறிப்போனார். தனக்கு மிச்சம் வெக்கமா இருக்கு, தன்ரை பிழைதான் எண்டு குனிஞ்சார். சூட்கேசைத் திறந்து, வடிவான கடுதாசியிலை சுத்தின இனிப்புப் பெட்டி ஒண்டை எடுத்து, ரண்டு கையாலையும் நீட்டி, "இதை அவவிட்டைக் குடுங்கோ" எண்டார்.

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் பெட்டியைப் பறிச்சு எறிஞ்சிருப்பன். "உங்கடை இனிப்பு வேண்டாம். கீழை வந்து நடந்ததைச் சொல்லுங்கோ" எண்டன். அவர் தாயைப் பாத்தார், என்னைப் பாத்தார். மெல்லமா, "அம்மாவுக்குத் தெரியாது. தண்ணி கீழை போனதை நான் அவவுக்குச் சொல்லேல்லை. சொன்னால் தாங்கமாட்டா" எண்டார். இவ்வளவும் தாயின்ரை மானத்தைக் காப்பாத்தத்தான். நல்ல மகன்தான். ஆனால் மற்றவளும் ஒரு பெடியனுக்குத் தாய்தானே.

பிறகு நான் அவரோடை கதைக்கேல்லை. தாய்க்கு முன்னாலை போய் நிலத்திலை குந்தினன், என்ரை முழங்கால் நோவோடை. கையாலை வாளியிலை அள்ளித் தலையிலை ஊத்துற மாதிரிச் செய்து காட்டினன். என்னைத் தொட்டு, "நாங்களும் இப்பிடித்தான்" எண்டு தமிழிலைதான் சொன்னன். மனிசிக்கு முகம் மலந்து போச்சு. தலையை ஆட்டி ஆட்டிச் சிரிச்சா. பிறகு நான் நிலத்தைக் காட்டினன், கீழை வடியிற மாதிரி விரலாலை காட்டினன். ரஞ்சியின்ரை யூனிபோம் மாதிரி என்ரை சட்டையைப் பிடிச்சுக் காட்டி, கழுத்திலை கையை வைச்சு வெளியிலை தள்ளுற மாதிரிக் காட்டினன். சிரிப்பு நிண்டிட்டுது. மகனிட்டை என்னவோ கேட்டா. அவர் பதில் சொல்லச் சொல்ல, அந்தச் சின்ன மனிசியின்ரை குரல் ஏறிச்சுது. எனக்குப் பாசை விளங்கேல்லை. ஆனால் தாய் பிள்ளையை ஏசுறது எந்தப் பாசையிலையும் விளங்கும். எழும்பிச் சப்பாத்தைப் போட்டா.

அறை துப்புரவாக்கிறவை யூனிபோமோடை லொபிக்குள்ளை போகக்கூடாது எண்டு சட்டம். நான் ரஞ்சியை லொபிக்கே கூப்பிட்டன். பஸ்ஸுக்கு நிண்ட யப்பான்காரர் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்க, கிறெய்க்கும் அறைக்குள்ளையிருந்து ஓடி வர, அந்த மனிசி ரஞ்சிக்கு முன்னாலை போய் இடுப்பை மடிச்சுக் குனிஞ்சா. நிமிரேல்லை. மகனும் பக்கத்திலை குனிஞ்சார். "தண்ணியை ஊத்தினது நான். இந்தப் பிள்ளை இல்லை" எண்டு தாய் சொன்னதை மகன் இங்கிலீசிலை சொன்னார், எல்லாருக்கும் கேக்கிற மாதிரி. ரஞ்சி பதறிப்போனாள். வயசுபோன மனிசி தன்னைக் கும்பிடுறது பாவம் எண்டு, "ஐயோ அம்மா, வேண்டாம்" எண்டு தானும் குனிஞ்சு அவவின்ரை தோளைப் பிடிச்சு நிமித்தப் பாக்கிறாள். மனிசி விடுறா இல்லை. ரண்டு பேரும் தலை முட்டுற அளவுக்குக் குனிஞ்சுகொண்டு நிண்டவை.

டேல் ஒரு மூலையிலை தன்ரை நனையாமல் மிஞ்சின பெட்டியளோடை நிண்டவர். பெரிய சத்தமாச் சிரிச்சுக்கொண்டு வந்தார். கிறெய்க்கைப் பாத்து, "நான் நேற்றே சொன்னனான்" எண்டார், கூட ஒரு தூசணம். பிறகு அந்த மனிசியின்ரை கையைப் பிடிச்சு, தனக்குத் தெரிஞ்ச அரைகுறை யப்பான் பாசையிலை என்னவோ சொன்னார். மனிசி கண்ணைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சுப்போட்டா. புத்தகம் போனால் போகட்டும், ஒருத்தரும் வாசிக்கிறேல்லை எண்டு மகனுக்குச் சொன்னார். கிறெய்க், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சது சந்தோசம்" எண்டு சொல்லி, ரஞ்சியைப் பாத்து, "உனக்கு மனம் நொந்திருந்தால் சொறி. வெள்ளிக்கிழமைக் கதையை மறந்துவிடு, வேலை உனக்குத்தான்" எண்டார். ரஞ்சி தலையை ஆட்டேல்லை. அவரையே பாத்துக்கொண்டு நிண்டாள்.

அடுத்த நாள் காலமை. அதே நிலக்கீழ் மாடி, அதே வரிசை. கிறெய்க் வந்தார். எத்தினை அறை, எந்தக் கூட்டம் வருது எல்லாம் சொன்னார். கடைசியிலை, "நேற்றைய விசயம் நல்ல மாதிரித் தீந்துபோச்சு. பொறுமையா இருந்ததுக்கு ரஞ்சிக்கு ஒரு கைதட்டு" எண்டார். ஒண்டு ரண்டு பேர் தட்டிச்சினம். பொறுமையாம்.

ரஞ்சி வரிசையை விட்டு முன்னாலை வந்தாள். அவளின்ரை இங்கிலீசு உடைஞ்ச இங்கிலீசு, நான் தமிழிலை எழுதுறன். "சேர், நான் குழாயைத் திறந்து விடேல்லை எண்டு சொல்லுங்கோ" எண்டாள்.

"ரஞ்சி, உன்னை ஒருத்தரும் குற்றம் சொல்லேல்லை."

"நீங்கள் சொன்னனீங்கள். இஞ்சை. இந்த இடத்திலை. இவை எல்லாருக்கும் முன்னாலை."

"உனக்கு அப்பிடிப் பட்டிருந்தால், சொறி."

"சொறி வேண்டாம் சேர். நான் செய்யேல்லை எண்டு சொல்லுங்கோ."

கிறெய்க் மணிக்கூட்டைப் பாத்தார். தன்ரை அறையிலை இருந்து கதைப்பம் எண்டார். இஞ்சைதான் எண்டாள். வேலைக்கு நேரமாகுது எண்டு எங்களைப் பாத்துக் கையைக் காட்டினார், போங்கோ எண்டு. நான் கையிலை இருந்த அறைப் பட்டியலை மேசையிலை வைச்சுப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிண்டன். எனக்குப் பக்கத்திலை நிண்ட பிலிப்பீன்காரி வண்டிலிலையிருந்து கையை எடுத்தாள். பிறகு ஒருத்தரும் வண்டிலைத் தள்ளேல்லை. எங்கடை ஆக்கள், சோமாலிக்காரர், பழைய போத்துக்கல்காரியள், ஒருத்தரும் அசையேல்லை. மேலை அறை முழுக்க ஊத்தையாக் கிடக்குது, பின்னேரம் அடுத்த பஸ் வரப்போகுது. ஒருத்தரும் சத்தம் போடேல்லை. ஒரு மரியாதைக் குறைவான சொல்லும் ஆரும் சொல்லேல்லை.

அந்த மனிசனுக்குச் சொறி எத்தினை தரமும் வரும். இது வரேல்லை. வாயைத் திறக்கிறார், மூடுறார். முகமெல்லாம் சிவந்து, கடைசியிலை நிலத்தைப் பாத்துக்கொண்டு, "ரஞ்சி குழாயைத் திறந்து விடேல்லை" எண்டார்.

"பின்னாலை நிக்கிறவைக்குக் கேக்கேல்லை சேர்" எண்டாள் ரஞ்சி.

நிமிந்து சொன்னார். "ரஞ்சி குழாயைத் திறந்து விடேல்லை. நான் சொன்னது பிழை." சொல்லிப்போட்டு, இனிப் போகலாம்தானே எண்ட மாதிரித் திரும்பினார்.

"நில்லுங்கோ சேர்" எண்டாள் அவள். "இப்ப சொறி சொல்லுங்கோ. இப்ப எடுக்கிறன்."